தூக்குத் தண்டனை: நாம் கேட்கும் கேள்வியும் சட்டம் கேட்கும் கேள்வியும்

மனதை உலுக்கும் ஒரு கொலை நடக்கிறது. சாயங்காலத்துக்குள் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸப் குழுவிலும் பேச்சு சூடுபிடித்துவிடும். "இவனையெல்லாம் தூக்குல போடணும்" என்பார் ஒருவர். "எங்க போடப் போறாங்க, பதினாலு வருஷத்துல வெளிய வந்துடுவான்" என்பார் இன்னொருவர். "தூக்கே குடுத்தாலும் ஜனாதிபதிக்கு ஒரு மனு போட்டுத் தப்பிச்சுடுவான்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார்.

அந்தக் கோபத்தில் தவறில்லை. ஒரு குழந்தையோ ஒரு பெண்ணோ கொல்லப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு கோபப்படாமல் இருப்பவரை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் மேலே சொன்ன மூன்று பேச்சுகளுமே இந்தியச் சட்டம் நடக்கும் விதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவை. ஒரு குற்றத்தைக் கேள்விப்பட்டதும் 'இது எவ்வளவு கொடூரம்?' என்று நாம் கேட்கிறோம். தூக்கு கொடுப்பதற்கு முன் சட்டம் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி. அது என்னவென்று தெரியாமல் மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று எத்தனை மணி நேரம் பேசினாலும் பேச்சு ஓரிடத்திலேயே சுற்றும். எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

ஆயுள் என்றால் பதினான்கு வருடமா?

இல்லை. ஆயுள் தண்டனை என்றால் உயிர் உள்ளவரை சிறை. காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில், 1961இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிறகு பதினான்கு எங்கிருந்து வந்தது? தண்டனைக் காலம் முடியும் முன்பே ஒரு கைதியை அரசு விடுவிப்பதற்கு முன்விடுதலை என்று பெயர். மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்துக்காக ஆயுள் பெற்றவரை 14 ஆண்டுகள் முடியும் முன் அப்படி விடுவிக்கக் கூடாது என்று 1978இல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆக, பதினான்கு என்பது கீழ் வரம்பு. 18 வயது ஆகாமல் கார் ஓட்டும் உரிமம் கேட்க முடியாது. அதற்காகப் பதினெட்டாவது பிறந்தநாளன்று உரிமம் வீடு தேடி வந்துவிடாது. இதுவும் அப்படித்தான். பதினான்கு முடிந்தால் அரசு பரிசீலிக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தூக்கு அதிகம், சாதாரண ஆயுள் போதாது என்று தோன்றும் வழக்குகளில் 20, 25, 30 ஆண்டுகள் வரையோ சாகும்வரையோ முன்விடுதலை கிடையாது என்று நிபந்தனை போட்டு ஆயுள் விதிக்கும் வழியை 2008இல் உச்ச நீதிமன்றம் திறந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2015இல் அதை உறுதிசெய்தது. "ஒன்று தூக்கு, இல்லையென்றால் வெளியே வந்துவிடுவான்" என்ற இரட்டைக் கணக்கு அன்றோடு செல்லாததாகிவிட்டது.

விதியும் விலக்கும் இடம் மாறிய கதை

வெள்ளைக்காரர் காலத்து 1898ஆம் ஆண்டு குற்ற நடைமுறைச் சட்டத்தில், கொலைக்குத் தூக்கு கொடுக்காமல் விட்டால் ஏன் விட்டோம் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். தூக்குதான் வழக்கம், ஆயுள் சலுகை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1955 திருத்தத்தில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. 1973இல் வந்த புதிய நடைமுறைச் சட்டம் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது: தூக்கு கொடுத்தால்தான் அதற்கான 'சிறப்புக் காரணங்களை' நீதிபதி எழுத வேண்டும்.

2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனுடன் புதிய நடைமுறைச் சட்டமும் அமலுக்கு வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கொலைக்கு வழக்கமான தண்டனை ஆயுள், தூக்கு அதற்கு விலக்கு. ஆயுள் என்பதும் வாழ்நாள் முழுவதும்தான்.

காயமும் காலும்

சரி, விலக்கு எப்போது? இதற்கான பதில் 1980 மே மாதம் பச்சன் சிங் வழக்கில் வந்தது. மரண தண்டனையே அரசியல் சாசனத்துக்கு விரோதமா என்ற கேள்வியை விசாரித்த ஐந்து நீதிபதிகளில் நால்வர், விரோதமில்லை என்றார்கள். நீதிபதி பி.என். பகவதி மட்டும் விரோதம் என்றார். ஆனால் தண்டனை இருக்கட்டும் என்று சொன்ன நால்வரும் அதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். அதுதான் எல்லோர் வாயிலும் புழங்கும் 'அரிதிலும் அரிதான வழக்கு'.

இந்தச் சொல்லைத்தான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். அரிதிலும் அரிது என்றால் 'இதுவரை கேள்விப்படாத கொடூரம்' என்று நினைக்கிறோம். தொலைக்காட்சி விவாதங்களிலும் அப்படியே பேசுகிறார்கள். அந்தத் தீர்ப்பின் வாசகத்துக்கு இன்னொரு பாதி உண்டு: மாற்றுத் தண்டனைக்கான வழி சந்தேகத்துக்கு இடமின்றி அடைபட்டிருக்க வேண்டும்.

ஒரு மருத்துவரை நினைத்துப் பாருங்கள். விபத்தில் சிக்கியவரின் கால் பார்க்கவே முடியாத அளவுக்குச் சிதைந்திருக்கிறது. உறவினர்கள் அழுகிறார்கள். காலை எடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் எதை வைத்து முடிவு செய்வார்? காயம் பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பதை வைத்து அல்ல. ரத்த ஓட்டம் இருக்கிறதா, மருந்தில் தேறுமா, காலை வைத்தபடியே ஆளைக் காப்பாற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லா வழியும் மூடிய பிறகுதான் கத்தியை எடுப்பார். பார்க்கச் சகிக்காத காயங்கள் ஆறியதும் உண்டு. மேலுக்குச் சின்னதாகத் தெரிந்தவை காலைக் கொண்டுபோனதும் உண்டு.

அதனால் நீதிபதி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். குற்றத்தின் கனத்தைக் கூட்டும் விஷயங்கள் ஒரு பக்கம்: எப்படிக் கொன்றார், திட்டமிட்டாரா, கொல்லப்பட்டவர் எவ்வளவு ஆதரவற்றவர். தண்டனையைக் குறைக்கச் சொல்லும் விஷயங்கள் மறுபக்கம்: வயது, மனநிலை, யாருடைய வற்புறுத்தலிலாவது செய்தாரா, திருந்த வாய்ப்பு உண்டா. திருந்தவே மாட்டார் என்று சான்று காட்ட வேண்டிய பொறுப்பும் அரசுத் தரப்புடையதுதான். 'குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார்' என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு வழக்கு, தருமபுரி பேருந்து எரிப்பு. 2000 பிப்ரவரி 2 அன்று கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்து இறந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்களால் இன்றும் மறக்க முடியாது. மூன்று பேருக்கு விதிக்கப்பட்ட தூக்கை 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே நீதிமன்றம் 2016இல் அதை ஆயுளாகக் குறைத்தது. கூட்டத்தின் வெறிக்குள் நடந்தது, அந்த மாணவிகளைக் கொல்ல வேண்டும் என்ற முன்திட்டம் இல்லை என்பது அப்போது முக்கியமாகப் பட்டது. 2018இல் மாநில அரசு மூவரையும் விடுதலை செய்தது. அந்தப் பெற்றோர்களின் வேதனையை எந்தத் தீர்ப்பாலும் அளக்க முடியாது. ஆனால் பாருங்கள், ஆறு ஆண்டுகளில் குற்றத்தின் கொடூரம் கொஞ்சமும் குறையவில்லை. நீதிமன்றம் கேட்ட கேள்விதான் மாறியது.

கூண்டில் நிற்பவரின் இரண்டு நிமிடம்

குற்றவாளியைப் பற்றிய விவரமெல்லாம் நீதிபதிக்கு எப்படிக் கிடைக்கும்? குற்றம் நிரூபணமான பிறகு, என்ன தண்டனை என்பதற்காகவே தனியாக ஒரு விசாரணை நடக்க வேண்டும். 1973 சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது.

நடைமுறையில் அது பல இடங்களில் எப்படி நடந்திருக்கிறது? கூண்டில் நிற்பவரிடம் "நீ குற்றவாளி என்று தீர்மானமாகிவிட்டது, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று நீதிபதி கேட்பார். அவருக்குக் கை நடுங்கும். "அய்யா, வயசான அம்மா இருக்காங்க, ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு, பாத்துக் குடுங்கய்யா" என்பார். வழக்கறிஞர் எழுந்து, இளம் வயது, முன்குற்றம் இல்லை என்று இரண்டு வரி சொல்லி உட்காருவார். சில வழக்குகளில் அன்றே தண்டனையும் அறிவிக்கப்பட்டுவிடும். சிறுவயதில் அவருக்கு என்ன நடந்தது, மனநோய் இருந்ததா, விசாரணைக் கைதியாக இருந்த ஆண்டுகளில் சிறையில் எப்படி நடந்துகொண்டார், ஒன்றுமே கோப்பில் இருக்காது. ரத்தப் பரிசோதனைகூட செய்யாமல் காலை எடுக்கலாமா என்று முடிவெடுப்பதைப் போன்றது இது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைச் சரிசெய்ய முயன்றது. குற்றவாளியின் பின்னணி, மனநல மதிப்பீடு, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்ற நிலையிலேயே வாங்கிப் பார்க்க வேண்டும் என்றது. அதுவரை தீர்ப்பு பெற்றவர்களுக்கு?

1995 டிசம்பரில் ராவ்ஜி என்பவரின் வழக்கில், குற்றத்தின் தன்மைதான் முக்கியம், குற்றவாளி எப்படிப்பட்டவர் என்பது அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்தது. 1980 தீர்ப்பு சொன்னதற்கு நேர் எதிரானது இது. பிறகு வந்த பல வழக்குகளில் அதையே முன்மாதிரியாக எடுத்துத் தூக்கு விதித்தார்கள். 2009இல், ராவ்ஜி தீர்ப்பு பச்சன் சிங் வழக்கைக் கவனிக்காமல் எழுதப்பட்டது, பிழையானது என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ராவ்ஜி 1996 மே மாதமே தூக்கிலிடப்பட்டுவிட்டார்.

எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக ஒவ்வொரு முறையும் சிரமமாக இருக்கிறது.

சல்லடைகள்

மாவட்ட அளவிலான அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்ததும் அது அமலுக்கு வந்துவிடாது. குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், உயர் நீதிமன்றம் உறுதிசெய்தால்தான் அது செல்லும். அப்புறம் உச்ச நீதிமன்றம். அதற்கும் பிறகு அதே நீதிமன்றத்திடம் 'இன்னொரு முறை பாருங்கள்' என்று கேட்கும் சீராய்வு மனு. தூக்கு வழக்குகளில் அந்த மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்பது 2014 முதல் விதி.

இந்தச் சல்லடைகளில் எவ்வளவு தங்குகிறது? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில், மேல்முறையீடுகள் முடிந்த பின் நிலைத்தவை ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஏறத்தாழ 30 சதவீதம் பேர் நிரபராதிகள் என்றே விடுதலையானார்கள். மீதிப்பேருக்குத் தண்டனை குறைந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றத்தைக் கடந்து வந்தபோது அது நான்கு. கடைசியில் தூக்கிலிடப்பட்டவர் ஒருவரும் இல்லை.

கருணை மனு இந்தச் சல்லடைகளில் கடைசியானது. குடியரசுத் தலைவருக்கு அரசியல் சாசனத்தின் 72ஆம் பிரிவும் ஆளுநருக்கு 161ஆம் பிரிவும் இந்த அதிகாரத்தைக் கொடுக்கின்றன. பெயரில் கருணை இருப்பதால் ஏதோ மகாராஜா மனம் இரங்குவது போல நினைக்கிறோம். உண்மையில் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவெடுக்கிறார். மனு போட்டாலே தப்பிக்கலாம் என்பதும் சரியல்ல. 2012 நவம்பரில் மும்பைத் தாக்குதல் வழக்கின் கசாபும் 2020 மார்ச்சில் டெல்லி பாலியல் வன்கொலை வழக்கின் நால்வரும் தூக்கிலிடப்பட்டது கருணை மனுக்கள் நிராகரிக்கப்பட்ட பிறகுதான்.

மனு முடிவாகாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் என்ன? 'இன்றைக்கா நாளைக்கா' என்று ஒருவரைப் பத்து வருடம் காத்திருக்க வைப்பதே தனியொரு சித்திரவதை, தண்டனையைக் குறைக்க அது போதுமான காரணம் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 15 பேரின் தூக்கை, பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காக, ஒரே தீர்ப்பில் ஆயுளாக்கியது. அடுத்த மாதம் ராஜீவ் வழக்கில் எஞ்சியிருந்த மூவருக்கும் தண்டனை குறைந்தது இதே அடிப்படையில்தான். அவர்கள் நிரபராதிகள் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகள் மனுவைக் கிடப்பில் போட்டது அரசு என்றது.

மீண்டும் சுருக்கமாக: கொடூரம் மட்டும் போதாது, வேறு வழியே இல்லை என்பதும் நிரூபணமாக வேண்டும். அப்படி விதித்த தூக்குகளிலும் பெரும்பாலானவை மேலே போகும்போது நிற்பதில்லை.

பயம் வருமா?

மரண தண்டனைக்கு ஆதரவாக அதிகம் சொல்லப்படும் வாதம், பயம் இருந்தால் குற்றம் குறையும் என்பது. ஆனால் பயம் எதிலிருந்து வருகிறது? முக்கில் போலீஸ் நிற்கிறது என்று தெரிந்தால் வண்டியில் தொங்கிய ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. அபராதம் எவ்வளவு என்று நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது. மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான் வேலை செய்கிறது. இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே இதை எழுதினார்.

நம் பக்கத்திலேயே ஒரு சோதனை தற்செயலாக நடந்திருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை ஒழித்தது. இந்தியாவுடன் இணைந்த பிறகு அது திரும்ப வந்தது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை 962 கொலைகள்; திரும்ப வந்தபின் 1950 முதல் 1955 வரை 967. இதை வைத்துத் தூக்கால் பயனே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. மக்கள்தொகை, காவல்துறை என்று எத்தனையோ மாறியிருக்கும். அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் முப்பதாண்டு ஆய்வுகளை அலசிவிட்டு 2012இல் சொன்னதும் அதுதான்: தூக்கு கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றுமே செய்யவில்லையா என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. அப்படியானால் பயம் என்ற காரணத்தை மட்டும் நம்பி உயிரை எடுப்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை.

பறிகொடுத்த வீடு

ஆதரவு வாதங்களில் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைப்பது இன்னொன்று. செய்ததற்கு ஈடான தண்டனை வேண்டும் என்ற வாதம். மகளைப் பறிகொடுத்த தாய், அவன் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறானே என்று கேட்டால், அதைப் பழிவெறி என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. எவ்வளவு பெரிய குற்றமோ அவ்வளவு பெரிய தண்டனை என்பது நீதியைப் பற்றிய மிகப் பழைய உணர்வு.

ஆனால் அந்தத் தாய்க்கு இந்த அமைப்பு என்ன தருகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆயுள் விதித்திருந்தால் வழக்கு ஒரு கட்டத்தில் அடங்கியிருக்கும். தூக்கு என்றானதும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், சீராய்வு, கருணை மனு என்று ஒவ்வொரு படியிலும் மைக் நீட்டப்பட்டு அவர் மறுபடி அழ வேண்டியிருக்கிறது. வழக்கு முடியும்போது இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கலாம்.

தவறு நேர்ந்தால்

மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த கொள்ளை, கொலை வழக்கில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்குமே தூக்கு என்றது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி ஆரம்பத்தில் காவல்துறையின் புகைப்படங்களைப் பார்த்து வேறு நான்கு பேரைத்தான் அடையாளம் காட்டியிருந்தார். காவல்துறை அவர்களைத் தொடரவே இல்லை. ஆறு பேரில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவன். தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். பதினாறு ஆண்டுச் சிறைக்கு அந்தப் பணம் ஈடாகாது. ஆனாலும் பெற்றுக்கொள்ள அவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்பதே என் கருத்து. குற்றவாளிகள் மேல் பரிதாபப்பட்டு இதைச் சொல்லவில்லை. 'வேறு வழியே இல்லை' என்பதைப் பிழையின்றி, எல்லோருக்கும் ஒரே மாதிரி, நம் நீதிமன்றங்களால் தீர்மானிக்க முடியவில்லை என்று அவற்றின் தீர்ப்புகளே காட்டுகின்றன. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், மரண தண்டனையையே ஒழிப்பதைத்தான் தான் ஆதரிப்பேன் என்றார். 1967இல் தண்டனை இருக்கட்டும் என்ற சட்ட ஆணையம், 2015இல் பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டுக்கு எதிரான போரும் தவிர மற்றவற்றுக்கு ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த விலக்கு சரியா என்பதில் நியாயமாகக் கருத்து வேறுபடலாம்.

மூன்று பேர், ஒரே குற்றம்

கடைசியாக ஒரு வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நால்வரைக் கொன்றதற்காக ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்று மூன்று பேருக்குத் தூக்கு. குற்றத்தில் மூவரின் பங்கும் ஒன்றே. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜீத்தா சிங்கின் மனுவை ஓர் அமர்வு 1976இல் தள்ளியது. காஷ்மீரா சிங்கின் மனு 1977இல் வேறோர் அமர்வுக்குப் போனது; அங்கே தூக்கு ஆயுளானது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978இல் தள்ளுபடியானது.

ஜீத்தா சிங்குக்கும் ஹர்பன்ஸ் சிங்குக்கும் 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ஒரு மனு போட்டு, எங்களோடு இருந்த காஷ்மீரா சிங்குக்கு ஆயுள்தானே என்று கேட்டார். தூக்கு நிறுத்தப்பட்டது. ஜீத்தா சிங் அப்படி ஒரு மனு போடவில்லை. குறித்த நாளில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1982இல் உச்ச நீதிமன்றம் ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. அதோடு ஒரு விதிமுறையையும் வகுத்தது: இனி ஒருவரைத் தூக்கிலிடும் முன், அதே வழக்கில் வேறு யாருக்காவது தூக்கு குறைக்கப்பட்டிருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் சரிபார்க்க வேண்டும்.